நடப்பவனுக்கு வழி எங்கே?

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு முந்திய இரவு, சாத்தூரிலிருந்து இருக்கன்குடிக்குப் போகும் சாலையில் ஒரு நாழிகை நின்று பார்த்தவர்களுக்கு நாம் சொல்லப்போகும் விஷயம் புதிதாயிராது. விருதுநகர், சிவகாசி, கோவில்பட்டி, அதற்கப்பாலுள்ள திருநெல்வேலிச் சீமை ஊர்கள் ஆகிய எல்லாத் திக்கிலிருந்தும் ஜனங்கள் நடந்து வருகிறார்கள். மஞ்சள் ஆடை; கையில் வேப்பிலை; காலில் செருப்பில்லை. இடுப்பில் குழந்தையைச் சுமந்து வரும் ஸ்திரீகள், பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வரும் கிழவர்கள், தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆபீஸிலும் வாரம் ஆறு நாள் குந்தி வேலை செய்து முதுகு வளைந்த தொழிலாளிகள். (ஆலையை ஆபீஸ் என்று சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம். அதில் ஒரு பரிகாசம் ஒளிந்திருக்கிறதோ என்று நமக்கு வெகுநாளாய்ச் சந்தேகம்.) அர்ஜுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் எழுந்தருளியிருக்கும் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட கடன் அது. பஸ் இல்லாமலா நடக்கிறார்கள்? பஸ் இருக்கிறது. நடப்பதாக வாக்குக் கொடுத்தவர்கள் நடக்கிறார்கள்.

இவ்வாறு நடக்கும் மகாஜனங்களுக்குச் சர்க்கார் வகுத்துக் கொடுத்திருக்கும் வழி யாது? தார்ச்சாலையின் ஓரத்தில் தீட்டியிருக்கும் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டுக்கு இப்பால் லாரி, அப்பால் கருவேல முள். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் அகலத்தில் பக்தி செய்துகொள்ள வேண்டியது. பகலில் தார் கொதிக்கிறது, வெறுங்காலை வைக்க முடியாது. ஆகவே இரவில் நடக்கிறார்கள். இரவிலோ, எதிரே வரும் விளக்கின் வெளிச்சத்தில் சாலையோரத்து மனிதன் மறைந்து போகிறான். இரண்டு நாள் கண்விழித்து வண்டி ஓட்டி வருகிற தொழிலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. போலீஸார் நல்லெண்ணத்தோடு யாத்ரிகர்களின் முதுகிலும் பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டி அனுப்புகிறார்கள். வண்டியை விலக்குவதற்குப் பதிலாக மனிதனைப் பிரகாசிக்கச் செய்வது விசித்திரமான ராஜதந்திரந்தான்! பாதயாத்திரைக் கூட்டத்தில் வாகனம் புகுந்தது என்ற இரண்டு வரிச் செய்தி, தமிழ்நாட்டின் ஏதேனும் ஒரு கோயில் சாலையிலிருந்து வந்துகொண்டேயிருக்கிறது. பத்திரிகைகள் அதை அச்சிட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போகின்றன. அந்தப் பாவத்தில் நமக்கும் பங்குண்டு.

நடப்பவனை மதித்து வழி வகுத்த தேசங்கள் இல்லாமலில்லை. அவற்றுள் ஒன்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். அது ஸ்காட்லாந்து. அதிலும், நம் நேயர்களிற் பலர் முகஞ் சுளிக்கக்கூடிய ஒரு பகுதி. ஸ்காட்லாந்திலுள்ள மால்ட் விஸ்கி வடிசாலைகளில் ஏறக்குறையப் பாதி, ஸ்பே என்னும் ஒரே நதியின் கரையிலும் அதன் கிளைப் பள்ளத்தாக்குகளிலும் அமைந்திருக்கின்றன. அந்த நதியை ஒட்டி, வடகடல் ஓரத்திலுள்ள பக்கி என்னும் ஊரிலிருந்து மலைநாட்டு நியூட்டன்மோர் வரையில், சுமார் 85 மைல் நீளத்துக்கு ஒரு நடைவழி இருக்கிறது. ஸ்பேஸைடு வே என்பது அதன் பெயர். அதன் பெரும்பகுதியில் மோட்டாருக்கு இடமில்லை.

அந்த வழியின் சரித்திரம் நமக்குச் சுவையாகவே இருக்கிறது. 1823ஆம் வருஷத்துக் கலால் சட்டம் வருவதற்கு முன்னே, அந்த மலைகளில் திருட்டுத்தனமாய் விஸ்கி காய்ச்சாத பள்ளத்தாக்கு அபூர்வம். லண்டனிலுள்ள பார்லிமெண்ட் விதித்த வரியைக் கொடுக்க மலைநாட்டான் விரும்பவில்லை. காய்ச்சியதைக் குதிரை முதுகில் ஏற்றி, கலால் சேவகர் கண்ணில் படாமல் இரவோடிரவாய்க் கணவாய் கடந்து கொண்டு போனார்கள். 1824ல் கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் லைசென்ஸ் பெற்று ஆலை வைத்தபோது, அண்டை அயலார் அவரைத் துரோகியென்று கருதிப் பயமுறுத்தினர். அவர் இடுப்பில் கைத்துப்பாக்கியுடனே நடமாட வேண்டியிருந்தது. பின்னர் 1863ல் ஸ்பே நதியோரம் ரயில் வந்தது. பார்லியும் நிலக்கரியும் வடிசாலைக்குள் போகவும், பீப்பாய்கள் வெளியே வரவும் அந்த ரயில் ஒரு நூறாண்டு உழைத்தது. லாரி தலையெடுத்த பிற்பாடு ரயில் நஷ்டப்பட்டது. 1965ல் பிரயாணிகள் வண்டி நின்றது. 1968ல் சரக்கு வண்டியும் நின்றது. தண்டவாளம் போயிற்று. நதிக்கரையோரம் ஓர் உயர்ந்த மேடு மாத்திரம் மிஞ்சியது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அந்த மேட்டைப் பாழாய்ப் போக விடவில்லை. 1967ல் செய்த சட்டமொன்று, நெடுந்தூர நடைவழிகளை ஏற்படுத்த அந்நாட்டில் இடங்கொடுத்திருந்தது. அதன்படி 1981ல் ஸ்பே நதியின் வழி முதலிலே திறக்கப்பட்டு, பிறகு துண்டு துண்டாக நீண்டு, 2021ல் நியூட்டன்மோரை எட்டியது. பெரும்பாலும் மண்ணும் சரளையுமான பாதை. திரும்புமிடங்களில் மரக் கம்பம். கம்பத்தில் அந்நாட்டு முட்பூவின் அடையாளம். பழைய ஸ்டேஷன் பிளாட்பாரங்கள் சில இன்றும் நிற்கின்றன. ரயிலுக்குக் காத்திருந்த இடத்தில் நடப்பவன் உட்கார்ந்து இளைப்பாறுகிறான். பொழுது சாய்ந்தால் தங்குவதற்கு வழி நெடுகக் கிராமங்கள். அந்தக் கிராமங்களின் விடுதிக்காரர்களும் ரொட்டிக் கடைக்காரர்களும் நடப்பவனால் பிழைக்கிறார்கள்.

அதற்குமேல் அவர்கள் செய்த காரியம் இன்னும் பெரிது. 2003ஆம் வருஷத்து ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பிறர் பயிருக்கும் வீட்டுக்கும் தொழிலுக்கும் ஊறு செய்யாமல் நடந்துகொள்கிற எவரும் தேசத்தின் பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் நடந்து செல்லும் பாத்தியதை உடையவர் என்று விதித்துவிட்டது. ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் தன் எல்லைக்குள் இன்னின்ன வழிகள் பொதுஜன நடைவழிகள் என்று படம் வரைந்து ஏற்படுத்தியாக வேண்டும் என்றும் கட்டளையிட்டது. பெரும் பெரும் ஜமீன்கள் நிலத்தை அடைத்து வைத்திருந்த தேசம் அது. குடியானவர்களை ஊர் ஊராக வெளியேற்றி ஆட்டு மந்தைக்கு இடம் செய்த பிரபுக்களின் தேசம் அது. அங்கே நடப்பவனுக்குச் சட்டம் பிறந்திருக்கிறது.

நிற்க. மதுவிலக்குக்காக மறியல் செய்து சிறை சென்றவர்களின் சந்ததியாரைப் பார்த்து, விஸ்கி நாட்டைப் பின்பற்றுங்கள் என்று சொல்ல வந்துவிட்டோமா என்று நேயர்கள் கேட்கலாம். அல்லவே அல்ல. வடிசாலைக்கு வடிசாலை நின்று ருசி பார்த்துப் போகும் அந்த யாத்திரை அவர்களோடு இருக்கட்டும். சரக்கு எதுவாயினும், அதை வாங்க வருகிறவன் நடந்து வந்தால் அவனுக்கு மரியாதையாக ஒரு வழி வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றியது. விரதமிருந்து நடக்கிறவனுக்கு அந்த மரியாதை வேண்டாமா என்பதுதான் நம் கேள்வி.

இந்தக் கேள்வியை விருதுநகரில் கேட்பதற்கு விசேஷக் காரணமும் உண்டு. 1956ஆம் வருஷம் ஜூலை 27ந் தேதி இவ்வூரில் உண்ணாவிரதம் தொடங்கி அக்டோபர் 13ந் தேதி உயிர்நீத்த தியாகி சங்கரலிங்கனாரை, தமிழ்நாடு என்ற பெயருக்காக உயிர் கொடுத்தவர் என்று எல்லாரும் அறிவார்கள். அவர் எழுதி வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளில் தேசமெங்கும் மதுவிலக்கு என்பதும் ஒன்று என்பதை அத்தனை பேரும் நினைப்பதில்லை. அப்போது முதன் மந்திரி ஸ்தானத்தில் இருந்தவர் இதே விருதுநகரில் பிறந்த ஸ்ரீ காமராஜ். ஒரே ஊர்க்காரர் இருவர், ஒரே கதர், ஒரே காங்கிரஸில் வளர்ந்தவர்கள். ஒருவர் பட்டினி கிடந்தார், மற்றவரின் சர்க்கார் இசையவில்லை. அந்த வருத்தத்தை இவ்வூர் இன்னும் முழுவதும் பேசித் தீர்க்கவில்லை. 1937ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கி, 1948ல் ராஜதானி முழுவதும் பரவிய மதுவிலக்கு, 1971ல் ஒத்திவைக்கப்பட்டது. மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 2003 முதல் சர்க்காரின் டாஸ்மாக் ஸ்தாபனமே சில்லறையாகவும் மது விற்கிறது. அதனால் பொக்கிஷத்துக்கு வரும் பணம் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. அந்தத் தொகையில் ஒரு பெரும் பங்கு கூலிக்காரன் கையிலிருந்து போனது. அவன் நடப்பதற்கு ஆறடி அகல மண் பாதை போடப் பணமில்லை என்று யாரேனும் சொன்னால் நாம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம்.

2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று தீர்ப்பளித்தது. சிற்றூர்களுக்கு அந்தத் தூரத்தைப் பின்னர் 220 மீட்டராகக் குறைத்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களால் நேரும் சாவுகளைத் தடுக்கவே அந்தத் தீர்ப்பு. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான கடைகள் அதனால் இடம் பெயர வேண்டியதாயிற்று. எங்கே பெயர்ந்தன? ஊருக்குள்ளும், காட்டுப் பாதையோரமும், கண்மாய்க்குப் போகிற வழியிலும். சாலையில் விரைகிறவனிடமிருந்து மதுவை விலக்கி, சந்து வழியே நடக்கிறவளின் பக்கத்தில் வைத்தார்கள். கோர்ட்டார் அதை உத்தேசிக்கவில்லை, நிர்வாகம் அதைச் செய்தது.

நடப்பது நம்மவர்க்குப் புதிதா? ராணி மங்கம்மாளின் பெயர் இன்றைக்கும் தென்பாண்டிச் சீமையின் சாலைகளில் ஒட்டிக்கொண்டிருப்பது எதனால்? சாலை போட்டு, மரம் வைத்து, சத்திரம் கட்டினாள் என்பதனால். தலைச்சுமையை இறக்கி வைக்கவும், பிறர் கையுதவியில்லாமல் தானே ஏற்றிக்கொள்ளவும் ஆளுயரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டவர்கள் நம் முன்னோர். பிரசவத்தில் இறந்த பெண்ணின் பாரம் தீரட்டும் என்று அந்தக் கல்லை நடுகிற வழக்கத்தை நினைத்தால், வழிநடப்பவனின் களைப்பை நம்மவர் எவ்வளவு நெருங்கி அறிந்திருந்தார்கள் என்று விளங்கும். நாற்கரச் சாலை போட்டபோது புளியமரங்கள் போயின. மரத்தோடு நிழலும், நிழலோடு நடப்பவனைப் பற்றிய நினைவும் போயிற்று.

நாம் சுதந்திரம் பெற்றதே நடந்துதானே! 1930ல் மகாத்மா சபர்மதியிலிருந்து தண்டிக்கு 240 மைல் நடந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 13ந் தேதி ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, சுமார் நூறு தொண்டர்களோடு 150 மைல் நடந்து வேதாரண்யத்தில் உப்பெடுத்தார். அந்தப் போராட்டத்தில் சேர்ந்து சிறை புகுந்த இளைஞர்களில் விருதுநகர்க் காமராஜும் ஒருவர். தொண்டர்களுக்குச் சோறிடுகிறவர்களையும் இடங்கொடுக்கிறவர்களையும் தண்டிப்பதாகத் தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்று மூட்டையைச் சாலையோர மரக்கிளையில் கட்டிவிட்டு மறைந்து நின்றார்கள். வழிநடப்பவனுக்கு உணவும் நிழலும் தருவது நம்மவருக்கு ராஜத்துரோகம் செய்யக்கூடிய அளவுக்குத் தர்மமாயிருந்தது. இன்று உத்தரவு போடுகிற கலெக்டர் நம்மவர், சோறிடத் தடையில்லை. இருக்கன்குடிச் சாலையில் நீர்மோரும் பானகமும் தரும் பந்தல்களுக்குக் குறைவுமில்லை. ஆனால் அந்தக் கிளைகள்தாம் இல்லை.

இனி, இந்தப் பிரதேசத்துக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். வேறு ஜில்லாவாயிருந்தால், சாலையை விட்டு இறங்கிக் காட்டு வழியே போ என்று சொல்லிவிடலாம். இங்கே சொல்ல முடியாது. 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டிச் செய்முறை கற்று வந்த நாள் முதல், மழை பொய்த்த இந்தக் கரிசல் பூமி நெருப்பை நம்பிப் பிழைக்கிறது. தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, அதற்கு லேபிள் ஒட்ட அச்சுத் தொழில் என்று ஒன்றை ஒன்று பெற்றது. இப்போது சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர்ப் பக்கங்களில் ஏறக்குறைய ஆயிரம் பட்டாசு ஆலைகள் சிதறிக் கிடக்கின்றன. ஊருக்கு வெளியே, பயிரில்லாத வெட்டவெளியில், தனித்தனியான சிறு சிறு அறைகள். ஒரு அறை வெடித்தால் அடுத்த அறை தப்ப வேண்டும் என்பதற்காக இடைவெளி. இந்த இடைவெளியை வெடிமருந்து விதிகள் அளந்து வைத்திருக்கின்றன. அறைக்குள் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதும் அளவு. மருந்து கலக்கும் அறையில் வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும். மணி மருந்து உலரும் மேடையருகே ஓர் உராய்வு போதும்.

அப்படிப்பட்ட வெளியில், இரவு நேரத்தில், வழி தெரியாத வெளியூர் யாத்ரிகன் ஒருவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு குறுக்கு வழி தேடினால் என்ன ஆகும்? 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தை இந்த ஜில்லா மறக்கவில்லை. 30க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களிற் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். புகையைக் கண்டு, பார்க்கவும் உதவவும் ஓடி வந்த பக்கத்து ஜனங்கள். அவர்கள் ஓடியது குற்றமா? எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று அந்த வெளியில் அவர்களுக்கு யார் கோடு கிழித்துக் காட்டியிருந்தார்கள்?

ஆகையால் ஆலை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. பொதுவழி வேண்டாம், வந்தால் எங்கள் லைசென்ஸுக்கு ஆபத்து என்று அவர்களிற் சிலர் அஞ்சக்கூடும். யோசித்துப் பார்த்தால் விஷயம் நேர்மாறானது. வழி இல்லாதபோதுதான் ஜனங்கள் எங்கும் நடக்கிறார்கள். ஆலைகளுக்கு எட்டத்திலே, கல் நட்டு, அடையாளமிட்டு ஒரு வழி இருந்தால், நடப்பவன் அதிலே போவான். அந்த வழியின் இரு மருங்கிலும் புதிய ஆலை எழும்பாதபடி தூரத்தைக் காப்பதும் அதிகாரிகளுக்கு எளிதாகும். ஸ்காட்லாந்துச் சட்டமும் ஆலையின் முற்றத்துக்குள் போய் நடக்கும் உரிமையை யாருக்கும் கொடுக்கவில்லை.

எங்கே வழி போடுவது? பூமியைப் பார்த்தாலே விடை கிடைக்கிறது. ஸ்காட்லாந்துக்காரனுக்கு ஒரு ஸ்பே நதியும் ஒரு செத்துப்போன ரயிலும் கிடைத்தன. நமது விருதுநகர்-தென்காசி ரயில் உயிரோடிருக்கிறது, அது நீடூழி வாழட்டும். ஆனால் நதிகள் நமக்கு இரண்டு இருக்கின்றன. இரண்டும் இருக்கன்குடியிலேயே போய்ச் சேருகின்றன. அர்ஜுனா நதியின் மேல் திருத்தங்கல் பக்கம் ஆனைக்குட்டம் அணை இருக்கிறது. அதற்குக் கீழே கோல்வார்பட்டி அணை. அதற்குக் கீழே இருக்கன்குடி. வைப்பாற்றின் மேல் வெம்பக்கோட்டை அணை. அதற்குக் கீழே சாத்தூர். பிறகு அதே இருக்கன்குடி. விருதுநகரிலிருந்தும் திருத்தங்கலிலிருந்தும் வருகிறவர்கள் அர்ஜுனா கரையைப் பிடிக்கலாம். சிவகாசிக்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ளவர்கள் வைப்பாற்றுக் கரையைப் பிடிக்கலாம். நதியைப் பின்பற்றிப் போனால் கோயில் வந்துவிடும். வழிகாட்டிப் பலகைகூட அதிகம் வேண்டியதில்லை.

ஆற்றில் தண்ணீர் இல்லையே என்பார்கள். வருஷத்தில் பெரும்பகுதி இல்லைதான். மணலையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள், கரையைச் சீமைக் கருவேலம் மூடிவிட்டது. அதனாலேயே அங்கே மனிதன் நடமாட வேண்டும் என்கிறோம். ஜனங்கள் நடக்கிற கரையில் இரவில் மணல் வண்டி இறங்குவது கடினம். அன்றியும், கரை தொடர்ந்து இல்லாத இடங்களில் கண்மாய்க் கரைகள் இருக்கின்றன, பழைய வண்டிப்பாதைகள் இருக்கின்றன. கிராம நிலப்படத்தை விரித்துப் பார்த்தால் ஊருக்கு ஊர் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று கோடு ஓடுவதைக் காணலாம். மாட்டு வண்டி போனபின் அந்தக் கோட்டைப் பக்கத்து நிலக்காரர்கள் வரப்போடு சேர்த்து உழுதுவிட்டார்கள். சில இடங்களில் வேலியே ஏறிவிட்டது. படத்தில் இருப்பதைப் பூமியில் மீட்டுக் கொடுத்தால் போதும், நிலம் எடுக்க வேண்டிய இடம் மிகக் கொஞ்சமாகவே இருக்கும்.

பாதைக்குத் தார் வேண்டாம். சிமெண்ட் வேண்டவே வேண்டாம். வெறுங்காலோடு நடப்பவனுக்கு மண்ணைவிட இதமானது வேறில்லை. முள் அகற்றிய ஆறடி அகலம், வேம்பும் புங்கமும், இரண்டு மைலுக்கு ஒரு குடிநீர்த் தொட்டி, ஸ்திரீகளுக்கு மறைவான கழிப்பிடம், இறங்கி உட்காரத் திண்ணையுள்ள ஒரு சாவடி. ஸ்திரீகளின் கழிப்பிடத்தைப் பற்றி எழுதினால் தலையங்கப் பக்கத்தின் கௌரவம் குறையும் என்று நினைப்பவர்கள், மாலையில் புறப்பட்டு விடியும்வரை நடக்கிற தம் வீட்டுப் பெண்களை ஒருதரம் கேட்டுப் பார்க்கட்டும். அந்த வழியிலிருந்து மதுக்கடை கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறோம்.

இது நடவாத காரியம் அல்ல. பழநிக்குப் போகும் யாத்ரிகர்களுக்காகத் திண்டுக்கல் சாலையோரம் தனி நடைபாதை போடப்பட்டிருக்கிறது. அது லாரியின் அருகிலேயே போகிறது, நிழல் போதாது என்ற குறைகள் இருந்தாலும், நடப்பவனுக்குத் தனி வழி என்ற நியாயத்தைச் சர்க்கார் அங்கே ஒப்புக்கொண்டுவிட்டது. 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டும், நடைபாதையில் நடக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது ஷரத்து காக்கும் ஜீவிய உரிமையில் அடங்கியது என்று சொல்லியிருக்கிறது. நகரத்து நடைபாதைகளை முக்கியமாய் எண்ணிச் சொன்னதாயினும், ஜீவனுக்கு நகரம் கிராமம் என்ற பேதம் உண்டா?

ஆட்சேபங்கள் வரும். வருஷத்தில் ஆடியிலும் தையிலும் சில வாரங்களுக்காக இத்தனை ஏற்பாடா என்பது ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் பிள்ளைகளும், ஆலை வேன் வந்து நிற்கும் இடத்துக்கு விடியுமுன் நடக்கும் பெண்களும், ஆடு ஓட்டுகிறவனும் வருஷம் முழுவதும் நடக்கிறார்கள். அவர்கள் மஞ்சளாடை உடுத்தாததால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். தேசம் முன்னேறும்போது நடப்பதை வளர்ப்பது பிற்போக்கல்லவா என்பது மற்றொன்று. ரயிலையும் மோட்டாரையும் நமக்கு முன்னே கண்ட ஸ்காட்லாந்தே அதற்கு விடை.

உண்மையான இடையூறு இலாகாக்களில் இருக்கிறது. ஆற்றங்கரை ஒரு இலாகாவுக்கு, வண்டிப்பாதை ஒரு இலாகாவுக்கு, கிராமச் சாலை ஊராட்சி ஒன்றியத்துக்கு, கோயில் அறநிலைய இலாகாவுக்கு, வெடிமருந்து லைசென்ஸ் மத்திய சர்க்காருக்கு. நடப்பவன் மாத்திரம் ஒருவருக்கும் சொந்தமில்லை. ஆகவே ஜில்லா கலெக்டரே இதற்குப் பொறுப்பேற்று, எல்லா இலாகாக்காரர்களையும் ஒரு மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, நதிப் படத்தையும் ஆலைகளின் படத்தையும் ஒன்றன்மேலொன்று வைத்துப் பார்க்க வேண்டும். சட்டசபையில் இந்த ஜில்லாவின் பிரதிநிதிகளாயிருக்கும் கனவான்கள், கட்சி எதுவாயினும், ஆடி வெள்ளியன்று கோயிலுக்குக் காரில் வந்து மாலை வாங்கிக்கொண்டு போகிறவர்களே. அவர்கள் ஒரு தடவை ஆனைக்குட்டத்தில் இறங்கி நடந்து வரட்டும்.

முதலில் ஆனைக்குட்டம் முதல் கோல்வார்பட்டி வரையில் ஒரு துண்டை அளந்து கல் நட்டால் போதும். ஸ்பே நதி வழியும் துண்டு துண்டாகத்தான் நாற்பது வருஷத்தில் நீண்டது. அளப்பதற்கு ஒரு சர்வேயரும், சங்கிலி பிடிக்க இரண்டு ஆட்களும், முள் வெட்டப் பக்கத்துக் கிராமத்து நூறு நாள் வேலைக்காரர்களும் வேண்டும். அடுத்த ஆடிக்குள் முடியக்கூடிய வேலை.